குளமாகக் கிடந்த காலை

குளம் இல்லாமல் போனதால் இந்த வருடம் என்னைக் குளமாகப் படுக்கச் சொன்னார்கள். சொன்னது எங்கள் ஊர் இயற்கை வரலாற்றுக் கழகத்தார். தை பிறந்ததும் அவர்கள் பறவை எண்ணுவார்கள். எண்ணுவதற்குக் குளம் வேண்டும். சாத்தாம்பத்துக் குளத்தில் மண் அடித்து, மேடாக்கி, பிளாட்டுக் கல் ஊன்றியாகிவிட்டது. கல்லுக்கு மஞ்சள் பெயிண்டும் பூசிவிட்டார்கள்.

நான் சரி என்றேன். அந்தக் கணக்கில் ஒரு பறவையை ஏற்ற வேண்டியிருந்தது. என் மனைவி செல்லக்கனியை.

செல்லக்கனி கார்த்திகையில் அரிவாள்மூக்கன் ஆனாள். பெரியாஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். நான் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தேன். வரிசை பெரிசு. திரும்பி வந்தபோது நர்ஸ் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் ஒரு வெள்ளைப் பறவை நின்றது. தலையும் கழுத்தும் கறுப்பு. தலையில் ஒரு முடி கிடையாது. மூக்கு அரிவாள் மாதிரி வளைந்திருந்தது.

"வீட்டுக்காரரா?" என்றார் நர்ஸ்.

"ஆமாம்மா."

"இதுக்கு மேல எங்களால ஆகாது. ஜன்னலத் தெறந்து வச்சிருக்கோம்."

"கஞ்சி வாங்கிட்டு வந்துட்டேனே."

"அத நீங்க குடிச்சிருங்க."

குடித்தேன். உப்பு இல்லை. பறவை நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் கிழக்காகப் பறந்து போய்விட்டது.

இப்படி ஆளாக இருந்து பறவையானவர்களுக்குப் பொறுப்பு கழகம்தான். அவர்கள் விதி எளிமையானது. ஆளாக இருந்தவர்களைப் பெயர் சொல்லி, தனியாக எண்ணுவார்கள். அவரவர் ஊர்க் குளத்தில் கால் வைத்து நிற்க வேண்டும். மேலே பறந்து போனால் கணக்கில் வராது. கழகத்தார் இரண்டு பேர் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலையில் எண்ணப்படாதவர் இல்லாதவர் ஆகிவிடுவார். இனிமேல் இல்லை என்றால் முன்பும் இல்லை.

சங்கிலியின் அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. சங்கிலி எனக்கு எதிர்வீடு, கொத்தனார். அண்ணன் போன வருடத்துக்கு முந்தின வருடம் உண்ணிக்கொக்கு ஆனார். எண்ணுகிற அன்றைக்கு எங்கேயோ மாட்டுக்குப் பின்னால் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் சங்கிலியிடம், அண்ணன் வரவில்லையாமே என்று துக்கம் கேட்டேன். "யாரு அண்ணன்? நான் ஒத்தைக்கு ஒரு புள்ளல்லா," என்றான். அவன் வீட்டில் அண்ணன் அறைக்குப் போன வாசல் இருக்கிறது. திறந்தால் சுவர். வெளக்குமாறு சாத்தி வைக்கத் தோதாக இருக்கிறது என்கிறான். நாலு மணி டீ குடிக்கும்போது மட்டும் அவன் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஏனென்று அவனுக்குத் தெரியவில்லை. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். விடாமல் போட்டுக்கொண்டு வருகிறான்.

எனக்குச் சொட்டு மருந்து வேண்டாம். செல்லக்கனி இருந்தாள் என்பது இருக்க வேண்டும். அதற்குத்தான் கழகத்துக்குப் போனேன்.

கழகம் பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கிறது. படி ஏறினால் ஒரு நடை. நடையின் சுவரில் பறவைப் பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். படித்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். படிக்காமல் கால் நகராது. படித்தவர்கள் நாலு எட்டில் கதவுக்குப் போய்விடுவார்கள். எனக்கு எழுத்து தாமதமாக வந்தது. ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் செல்லக்கனி முந்தின பெஞ்சு, நான் பிந்தின பெஞ்சு. இன்றைக்கும் எழுத்து எழுத்தாகத்தான் கூட்டுவேன். நான் கூட்டி முடிப்பதற்குள் நடை இன்னும் கொஞ்சம் நீண்டுவிடும். 'சாம்பல் தலை ஆள்காட்டி' முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது. 'பெரிய பட்டாணி உப்புக்கொத்தி'யில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டேன். என்னைத் தாண்டி ஒரு காலேஜ் பையன் போனான். அப்புறம் திரும்பியும் போனான். அப்போது அவனுக்கு மீசை வந்திருந்தது.

சில பெயர்களின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த இடத்தில் கண்ணை மூடித் தாண்ட வேண்டும்.

கதவுப் பக்கம் ஆள் பெயர்கள். எல்லாவற்றுக்கும் கீழே 'செல்லக்கனி' என்று எழுதியிருந்தது. அதை மட்டும் நான் கூட்டவில்லை. பார்த்ததும் படித்துவிட்டேன். உடனே கதவு வந்துவிட்டது.

உள்ளே செயலாளர் பொன்னுலிங்கம் சார் இருந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வருடக்கணக்காக பைனாகுலரில் பார்த்துப் பார்த்து, பக்கத்தில் இருப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. நான் போய் மேஜைக்கு எதிரே நின்றேன். அவர் எழுந்து பின்பக்கமாகவே நடந்து, மண்டபத்தின் அந்தக் கடைசிக்கு, மணவறைப் பக்கம் போனார். அங்கே நின்று பைனாகுலரைத் திருகினார்.

"யாரு வேய் அது?" என்று கத்தினார்.

"பலவேசம் சார். செல்லக்கனி வீட்டுக்காரன்."

"எந்தச் செல்லக்கனி?"

"அரிவாள்மூக்கன் சார்."

"வெள்ளையா கறுப்பா?"

"பறவை வெள்ளை. ஆளு மாநிறம்."

"எந்தக் குளம்?"

"சாத்தாம்பத்துக் குளம்."

"அது இல்லையே வேய்."

"இல்ல சார்."

"குளம் இல்லன்னா அவளும் இல்ல. நான் என்ன செய்ய முடியும்?"

"பக்கத்து ஊர்க் குளத்துல வச்சு எண்ணப்படாதா சார்?"

"எண்ணலாம். பக்கத்து ஊர்ல எண்ணுனா பக்கத்து ஊர்க்காரன் பொண்டாட்டியால்லா ஆயிருவா? உமக்குச் சம்மதமா?"

எனக்குச் சம்மதம் இல்லை.

அப்போது மெகர்பானு டீச்சர் வந்தார். அவர் கழகத்தில் இன்னொரு உறுப்பினர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுத்தவர். கையில் தையல்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு டேப் இருந்தது. என்னைச் சுற்றி வந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றச் சொன்னார். நான் செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறவன். செங்கலைத் தலையில் சுமந்தால் போதாது என்று நெஞ்சோடும் அணைத்துச் சுமப்போம். அதில் என் நெஞ்சு நடுவில் குழிந்து போயிருக்கிறது.

"சார், அண்ணாச்சிக்கு நல்ல பள்ளம்," என்றார் டீச்சர். "ஒரு செம்புத் தண்ணி நிக்கும்."

"செம்புத் தண்ணிக்கு எந்தப் பறவை வரும்? தேன்சிட்டு குளிச்சிட்டுப் போகும்."

"படுத்தா பரவும் சார். மனுஷன் நிக்கையில பாக்கிற அளவு வேற, படுக்கையில வேற."

பொன்னுலிங்கம் சார் பைனாகுலரை என் நெஞ்சில் வெகுநேரம் வைத்திருந்தார்.

"முன்னப்பின்ன குளமா இருந்து பழக்கம் உண்டாவே?"

"இல்ல சார். செங்கல்தான்."

"பேசப்படாது. குளம் பேசாது. காத்தடிச்சா லேசா அசையலாம். தானா அசையப்படாது. அவ வந்து எறங்குனா, அவ காலச் சுத்தி ஒரு வட்ட அலை எழுப்பணும். நாங்க அதப் பாத்துத்தான் எழுதுவோம். நாங்களாப் பாத்து இன்னாருன்னு சொல்லப்படாது. குளந்தான் காட்டணும். செய்வீரா?"

"செய்வேன் சார்."

"உம்ம வீட்டுக்காரிய உமக்கு அடையாளம் தெரியும்லா?"

"இருபத்தேழு வருஷம் சார்," என்றேன்.

அவர் தூரத்தில் இருந்து தலையை ஆட்டினார்.

எண்ணுகிற அன்றைக்குப் பனி விலகும் முன்பே போய்விட்டேன். கழகத்தார் வேனில் வந்திறங்கினார்கள். பிளாஸ்க், சுக்குக்காபி, மடக்கு நாற்காலி. குளம் இருந்த இடத்தின் நடுவில் டீச்சர் ஒரு கோடு கீறினார்.

"குப்புறப் படுக்கவா சார்?" என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் தூக்கம் வரும்.

"மல்லாக்கப் படும். வானம் தெரிய வேண்டாமா? வானம் தெரியாத குளத்துல எது வந்து எறங்கும்?"

மல்லாக்கப் படுத்தேன். டீச்சர் ஒரு குடம் தண்ணீரை நெஞ்சில் ஊற்றினார். நிரம்பவில்லை. இன்னொரு குடம் ஊற்றினார். அதுவும் நிரம்பவில்லை. அதற்குப் பிறகு அவர் ஊற்றவில்லை, தண்ணீர் தானாகவே வந்தது. கை இரண்டும் நீண்டு கரையானது. கரையில் உடை முள்மரம் முளைத்தது. இடது கணுக்கால் மடையானது, வலது கணுக்கால் மிச்சத் தண்ணீர் வழியும் மறுகாலானது. அக்குளில் ஒரு தவளை குடியேறியது. கூச்சமாக இருந்தது. குளம் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். செல்லக்கனி போனதில் இருந்து உள்ளே கலங்கிக் கிடந்தது எல்லாம் மெதுவாகக் கீழே இறங்கி வண்டலாகப் படிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். குழல் மாதிரி சுருட்டிய வரைபடத்தைக் கையில் வைத்திருந்தார்.

"இந்தத் தொடைல என் பிளாட்டு வருது," என்றார்.

"எண்ணி முடிக்கிற வரைக்கும் இது குளம்," என்றார் பொன்னுலிங்கம் சார்.

"நான் இன்னைக்கு வாசக்கால் வைக்கேன். நாள் பாத்தாச்சு."

"நாளைக்கு வையும். இன்னைக்கு வச்சா மீன் உள்ள வந்துரும்."

அவர் முழங்காலுக்கு மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்தார்.

வெளிச்சம் வந்தது. முதலில் இரண்டு முக்குளிப்பான் வந்தது. வந்ததும் வயிற்றுக்குள் முழுகியது. என்னென்னவோ பார்த்துவிட்டு வெளியே வந்தது. பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் நாமக்கோழி. அப்புறம் கூழைக்கடா. கூழைக்கடா இறங்கும்போது லாரியில் லோடு ஏறுவது மாதிரி இருந்தது. உள்ளான்கள் விரலோரமாகக் குத்திக் குத்திப் பார்த்தன. பெயரில்லாத பறவைகளை டீச்சர் பத்துப் பத்தாக எண்ணினார். ஒரு பத்தைக் கண்ணால் அளந்துகொண்டு, அந்த அளவை மற்ற பறவைகள் மேல் வைத்து வைத்துத் தள்ளுவார். வீட்டில் உழக்கு வைத்து அரிசி அளப்பது மாதிரி.

பெயருள்ளதில் முதலாவதாக முறுக்கு வியாபாரி ஐசக் வந்தார். நீர்க்காகமாக வந்தார். அவரைக் கண்டுபிடிப்பது எளிது. ஆளாக இருந்தபோதும் வேலை முடிந்தால் இப்படித்தான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கடை வாசலில் நிற்பார். நான் அவர் காலைச் சுற்றி ஒரு வட்டம் எழுப்பினேன்.

"ஐசக்," என்றார் டீச்சர்.

"ஐசக். ஒத்துக்கிடுதேன்," என்றார் பொன்னுலிங்கம் சார்.

கரையில் ஐசக்கின் மகள்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். "எப்பா, சேட்ட பண்ணாம இருங்க. மீன முள்ளெடுத்துத் தின்னுங்க," என்று மூத்தவள் கத்தினாள். ஐசக் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் ஒன்றும் இல்லை. அவர் இருக்கிறார். அடுத்த தை வரைக்கும் அந்த மூன்று பேருக்கும் அப்பா உண்டு.

அப்புறம் பெயருள்ள மற்றவர்களும் ஒவ்வொருவராக வர, வட்டம் எழுப்பிக் காட்டினேன். கடைசியில் வடக்கில் இருந்து வெள்ளையாக ஒரு கூட்டம் வந்தது. கோடு மாதிரி வந்து, வளைந்து, கலைந்து, என் நெஞ்சில் இறங்கியது.

"அரிவாள்மூக்கன்," என்றார் டீச்சர். அளந்தார். "நூறு இருக்கும் சார்."

"நூறு. இதுல செல்லக்கனி எதுவே? காட்டும்."

நான் பார்த்தேன். நூறும் வெள்ளை. நூறுக்கும் தலை கறுத்து மொட்டை. செல்லக்கனிக்குக் கன்னத்தில் அம்மைத் தழும்பு உண்டு. இங்கே நூறு முகத்திலும் கன்னமே இல்லை. செல்லக்கனி கொஞ்சம் இடது காலைத் தாங்கி நடப்பாள். இங்கே பாதிப் பறவைகள் ஒற்றைக் காலில் நின்றன. சந்தேகம் வந்தால் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். ஒரு பறவை தலையைச் சாய்த்தது. எனக்குப் பக்கென்றது. அப்புறம் நூறும் சாய்த்தன. மேலே ஒரு பருந்து போயிருந்தது.

"வேய், சீக்கிரம். வெயில் பனை உச்சிக்கு வந்தா எண்ணிக்கை முடிஞ்சிரும்."

சூரியன் பனையின் கழுத்தில் இருந்தது.

கண்ணை விட்டுவிட்டுக் காலைக் கவனித்தேன். இருநூறு கால்கள் நெஞ்சில் நடந்தன. எல்லாம் ஒரே மாதிரி நடந்தன. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. செல்லக்கனியின் பாதம் என் நெஞ்சுக்குத் தெரியாது. முதுகுக்குத்தான் தெரியும்.

சூளையில் இருந்து வந்தால் நான் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுப்பேன். செல்லக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறி நிற்பாள். இடுப்பில் ஆரம்பித்து மேலே மேலே மிதித்துப் போவாள். மிதித்துக்கொண்டே அன்றைக்குத் தெருவில் நடந்தது எல்லாம் சொல்லுவாள். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் சண்டை. நான் உம் கொட்டுவேன். பாதி தூங்கியிருப்பேன். தூங்கிவிட்டால் குதிகாலால் ஒரு அழுத்து அழுத்துவாள். வேறு எப்போதும் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது இல்லை.

ஆகவே மல்லாக்கப் படுத்திருக்கும் எனக்கு அவளைத் தெரியவில்லை.

"வேய் பலவேசம்! ஏதாவது ஒண்ணக் காட்டும். எங்களுக்கு என்ன தெரியவா போவுது?" என்றார் பொன்னுலிங்கம் சார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

காட்டியிருக்கலாம். பக்கத்தில் நின்ற ஒன்றின் காலைச் சுற்றி வட்டம் எழுப்பினால் முடிந்தது. அப்புறம் இருபத்தேழு வருடமும் நான் அந்தப் பறவையோடு குடித்தனம் நடத்தியதாக ஆகிவிடும். அதற்குப் புளிக்குழம்பு வைக்கத் தெரியுமோ என்னவோ. யாருடைய வீட்டுக்காரியோ. அவனும் எங்கேயாவது ஒரு கரையில் நின்று தேடிக்கொண்டிருப்பான்.

சூரியன் பனையின் மட்டைக்கு வந்தது.

நான் புரண்டு படுத்தேன்.

குளம் புரளக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை போலிருக்கிறது. தண்ணீர் முழுவதும் ஒரே பக்கமாகச் சரிந்தது. மஞ்சள் கல்லை எல்லாம் மூடிக்கொண்டு ஓடியது. ஸ்கூட்டர்க்காரர் எலுமிச்சம்பழத்தைத் துரத்திக்கொண்டு ஓடினார். கெளுத்தி மீன்கள் தெருப் பலகையின் கீழே துள்ளின. கரை சுருங்கிக் கையானது. பறவைகள் அத்தனையும் ஒரே சத்தமாக எழுந்தன. வானம் கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது. அப்புறம் நீலமானது.

"போச்சு," என்றார் பொன்னுலிங்கம் சார். "பறந்து போனது கணக்குல வராது."

நான் ஈர மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தேன். மனிதனாகிவிட்டேன். குளிர் எடுத்தது.

அப்போது இடுப்பில் ஒரு கால் பட்டது.

கனம் இல்லை. ஒரு செங்கல்லைவிடக் குறைவு. வலது கால் முதலில் அழுத்தியது. இடது கால் தாங்கித் தாங்கிப் பட்டது. முதுகெலும்பில் மிதிக்காமல், அதன் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து ஏறியது. எலும்பில் மிதித்தால் நான் கத்துவேன் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

"சார்," என்றேன். மண்ணுக்குள் இருந்து சொன்னதால் சத்தம் சரியாக வரவில்லை. "சார், அவ வந்துட்டா. இதுதான் செல்லக்கனி."

பொன்னுலிங்கம் சார் பார்ப்பதற்காகத் தூரமாகப் போனார். டீச்சர் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அரிவாள்மூக்கன். ஒண்ணு," என்றார் டீச்சர். "பேரு செல்லக்கனி."

"அரிவாள்மூக்கன் ஒண்ணு. ஒத்துக்கிடுதேன்," என்று கத்தினார் பொன்னுலிங்கம் சார். "ஆனா எதுல நிக்கி?"

"முதுகுல சார்."

"யாரு முதுகுல?"

"பலவேசம் அண்ணாச்சி முதுகுல."

"குளத்துல இல்லையே டீச்சர்."

"இவ்வளவு நேரம் அவரு குளமாத்தானே சார் கெடந்தாரு?"

"கெடந்தாரு. புரண்டுட்டாருல்லா."

"எருமை மேல உக்காந்த உண்ணிக்கொக்க எழுதுதோம்லா சார்? அது மட்டும் எப்படி?"

"எருமை குளத்துல நின்னா எழுதுவோம். தெருவுல நின்னா எழுத மாட்டோம். டீச்சர், நான் கல்லு மனசுக்காரன் இல்ல. எங்க அம்மா நாலு வருஷமா முக்குளிப்பானா இருக்கா. வருஷா வருஷம் வெளிய தலையக் காட்டுததுக்குள்ள எனக்கு உயிர் போயிட்டு வருது. விதி எனக்கும் அதுதான்."

சூரியன் பனையைத் தாண்டியது. வேன்காரர் ஹார்ன் அடித்தார். எண்ணி முடித்ததும் மண்டபத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் போடுவார்கள். கூட்டத்தில் மைக் வைத்து வரிசையாகப் பெயர் வாசிப்பார்கள். எண்ணப்படாத பெயர் வந்தால் அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி, நடைச் சுவரில் அந்தப் பெயர் மேல் சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்புவார்கள்.

டீச்சர் என் காதுப் பக்கம் குனிந்தார்.

"அண்ணாச்சி, ஒரு வழி இருக்கு. சொந்தக்காரங்க கூட்டத்துக்கு நேர்ல வந்து, எந்திச்சு நின்னு பேரச் சொன்னா, ஒரு வருஷம் தள்ளி வைக்கலாம். அடுத்த தைக்குள்ள வேற குளம் பாத்துக்கிடலாம். வாங்க, வேன்ல எடம் இருக்கு."

"எந்திக்க முடியாது டீச்சர்."

"ஏன்? மேலுக்கு முடியலையா?"

"எந்திச்சா அவ பறந்துருவா."

டீச்சர் பறவையைப் பார்த்தார். நான் சும்மா சொல்லவில்லை. முழங்கையை ஓர் அங்குலம் மண்ணில் ஊன்றிப் பார்த்தேன். முதுகில் சிறகு விரியும் சத்தம் கேட்டது. முழங்கையை எடுத்துவிட்டேன். சிறகு மடங்கியது.

"தவந்து வாங்களேன். மெதுவா."

"மண்டபத்துல படி இருக்கு டீச்சர். அப்புறம் அந்த நடை இருக்கு. நான் படிச்சு முடிக்குறதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிரும்."

"நான் படிச்சுச் சொல்லுதேன்."

"அடுத்தவங்க படிச்சா எனக்குக் கால் நகராது."

அது அவருக்கும் தெரியும். சேலைத் தலைப்பால் என் முகத்தில் இருந்த மண்ணைத் துடைத்தார்.

"நல்லா யோசிங்க அண்ணாச்சி. பேர எடுத்துட்டா இது வெறும் அரிவாள்மூக்கன். உங்களுக்குக் கல்யாணமே ஆகலைன்னு ஆயிரும். முதுகுல எதுக்கு ஒரு பறவை நிக்குதுன்னு உங்களுக்கே தெரியாது. சூன்னு வெரட்டி விட்ருவீங்க."

"தெரியும் டீச்சர்."

"பறந்தா என்ன? பேரு இருந்தா அடுத்த வருஷமும் வருவாங்க."

"வந்தா நெஞ்சுலதான் எறங்குவா டீச்சர். மல்லாந்து கெடந்தாத்தான குளம்? எனக்கு அடையாளம் தெரியாது."

வேன்காரர் மறுபடியும் ஹார்ன் அடித்தார். பொன்னுலிங்கம் சார் ஏறி உட்கார்ந்துவிட்டார். டீச்சர் வேனைப் பார்த்துக் கையை ஆட்டினார். வேன் போய்விட்டது. அவர் என் தலைமாட்டில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்க்கில் மீந்திருந்த சுக்குக்காபியை மூடியில் ஊற்றி மண்ணில் என் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். தலையைத் தூக்காமல் குடிக்க முடியவில்லை. ஆவி மட்டும் பிடித்தேன்.

மண்டபத்தில் மைக் கரகரத்தது. பொன்னுலிங்கம் சாரின் குரல் கேட்டது. அவர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அம்பலவாணன், குளத்துநாரை. அருளப்பன், மீன்கொத்தி. ஆவுடைத்தங்கம், தாழைக்கோழி. ஐசக், நீர்க்காகம். ஐசக்குக்குக் கைதட்டினார்கள்.

பறவை முதுகின் நடுவுக்கு வந்திருந்தது. ஒரே இடத்தில் நின்று மாற்றி மாற்றி மிதித்தது. நான் எப்போதும் செய்வது மாதிரி உம் கொட்டினேன். அது எதுவும் சொல்லவில்லை. அதனால் நான் சொன்னேன். கார்த்திகையில் இருந்து தெருவில் நடந்தது எல்லாம் சொன்னேன். சங்கிலி வீட்டு வாசலைச் சொன்னேன். முக்கு வீட்டுப் பொன்ராணிக்குப் பெண் பிறந்ததைச் சொன்னேன். ரேஷனில் பருப்பு வராததைச் சொன்னேன். உம் கொட்டுவதற்குப் பதிலாக அது ஒவ்வொன்றுக்கும் ஒரு மிதி மிதித்தது. மைக்கில் க வரிசை ஓடிக்கொண்டிருந்தது. க வரிசையில் எங்கள் ஊரில் ஆள் அதிகம்.

டீச்சர் நாற்காலியில் இருந்து மண்டபத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொத்தாளமுத்து, வக்கா என்றது மைக். கோயில்பிள்ளை, ஆலா. அப்புறம் தாள் புரட்டுகிற சத்தம். அடுத்தது ச வரிசை.

"கொஞ்சம் மேல," என்றேன்.

"என்ன அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"உங்கள இல்ல டீச்சர்."

அவள் கொஞ்சம் மேலே ஏறி, வலது தோள்பட்டைக்குக் கீழே, சரியான இடத்தில் குதிகாலை வைத்து அழுத்தினாள்.